வீட்டின் பணப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்கு: கடன் கணக்கு முதல் குறைதீர்ப்பாளர் வரை

வீட்டு வரவுசெலவையும் கடன்களையும் சேமிப்பையும் இனி தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலைக்கு வந்தவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், முதல் சம்பளம் வாங்கத் தொடங்கியவர்கள், இதுவரை எல்லாவற்றையும் கவனித்துவந்த கணவரோ தந்தையோ மறைந்தபின் திடீரென்று பொறுப்பேற்க நேர்ந்தவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். சிக்கனத்தை நம் வீடுகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் பத்து ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள்கூட, படித்துப் பார்க்காமல் போட்ட ஒரு கையெழுத்தினாலும் உரிய நாளுக்குள் எழுதிக் கொடுக்காமல் விட்ட ஒரு புகாரினாலும் ஆயிரக்கணக்கில் இழந்துவிடுகின்றன என்பதே என் கருத்து. அதனால் கீழே சொல்லப்படும் படிகள் பெரும்பாலும் தாளையும் தேதியையும் பற்றியவையாகவே இருக்கும். விதிகள் தமிழ்நாட்டில் வாழும் ஒரு குடும்பத்துக்குப் பொருந்துமாறு தரப்பட்டுள்ளன.

முதல் படி: கொடுக்க வேண்டியதை எழுதுங்கள்

ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் வருமானத்தை எழுதுவதற்கு முன் கடன்களை எழுதுங்கள். யாரிடம் வாங்கியது, எந்தத் தேதியில் எவ்வளவு வாங்கியது, இன்று நிற்கும் பாக்கி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை, எதை அடமானம் வைத்தோம், யார் ஜாமீன் போட்டார் என்று ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். வங்கிக் கடனை மட்டும் எழுதிவிட்டு மளிகைக் கடைப் பாக்கி, உறவினரிடம் வாங்கிய கைமாற்று, முதலாளியிடம் பெற்ற முன்பணம் ஆகியவற்றை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். மதுரை, தேனி, புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் மொய் நோட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நமக்கு வந்த மொய் திருப்பிச் செய்யவேண்டிய தொகையே என்பதால், வரும் ஆண்டில் யார் வீட்டில் விசேஷம் என்று விசாரித்து அதையும் கடன் பட்டியலில் சேர்த்துவிடுவது நல்லது.

அடுத்த பக்கத்தில் மாதம்தோறும் வராத செலவுகளை எழுதுங்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளி, ஊர்த் திருவிழா, வண்டிக் காப்பீடு, வீட்டு வரி ஆகியவை எதிர்பாராமல் வருபவை அல்ல. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அவசரக் கடன் வாங்கப்படுவது இவற்றுக்காகத்தான். ஆண்டு முழுவதுக்கும் ஆகும் இந்தத் தொகையைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அந்தப் பங்கை மாதச் செலவாகவே கருதி வேறு கணக்கில் போட்டுவைத்தால், ஜூன் மாதத்தில் நகை அடகுக்குப் போவது குறையும். அதன்பிறகு, சம்பளம் நின்றுபோனாலும் மூன்று மாதம் அரிசி, வாடகை, தவணை ஆகியவற்றைத் தாங்கும் அளவுக்கு ஒரு தொகையைச் சேர்ப்பதை இலக்காக வையுங்கள். மூன்று மாதத் தொகை எட்டாத தூரத்தில் இருப்பதாகத் தோன்றினால், ஒரு மாதத் தவணைக்கு ஈடான தொகையிலிருந்து தொடங்கலாம்.

இதே அமர்வில் வீட்டிலுள்ள எல்லா வங்கிப் புத்தகங்களையும் பதிவிட்டுக் கொண்டுவந்து, மே அல்லது ஜூன் மாதப் பக்கத்தில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கும், 20 ரூபாய் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கும் உரிய ஆண்டுப் பிரீமியம். முதலாவதில் எந்தக் காரணத்தால் மரணம் நேர்ந்தாலும், இரண்டாவதில் விபத்தால் மரணம் நேர்ந்தால், குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வங்கிக் கணக்கு தொடங்கியபோது போட்ட ஏதோ ஒரு கையெழுத்தால் இந்தக் காப்பீடு ஓடிக்கொண்டிருப்பதே தெரியாமல், கணவர் இறந்தபிறகும் உரிமை கோராமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். புத்தகத்தில் இந்த இரண்டு எண்களில் ஒன்று கண்ணில் பட்டால், அன்றைக்கே வங்கிக் கிளைக்குச் சென்று விண்ணப்பம் கேளுங்கள்.

இரண்டாம் படி: கடனின் உண்மையான வட்டியைக் கண்டுபிடியுங்கள்

நம் ஊரில் வட்டி பல மொழிகளில் பேசப்படுகிறது. ‘இரண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். ‘ஐந்து வட்டி’ என்றால் 60 சதவீதம். ஆண்டுக் கணக்கில் சொன்னால் தயங்கும் ஒருவர், மாதக் கணக்கில் சொன்னால் எளிதில் தலையாட்டிவிடுகிறார். அதனால் யார் எந்த விகிதத்தைச் சொன்னாலும் அதை ஆண்டு விகிதமாக மாற்றி நோட்டில் எழுதிய பிறகே ஒப்பிட வேண்டும்.

தண்டல் கடனை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருகிறார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ‘பத்தாயிரத்துக்கு 1,500 தானே, பதினைந்து சதவீதம்’ என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கைக்கு வந்தது 8,500 ரூபாய்தான். அதுவும் முதல் நாளிலிருந்தே திரும்பப் போய்க்கொண்டிருக்கிறது. நூறு நாளில் முழுவதும் தீர்ந்துவிடுகிறது. இதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம் வட்டி வருகிறது. காலையில் காய்கறி எடுத்து மாலைக்குள் விற்று லாபம் பார்ப்பவருக்கு அது ஒருவேளை தாங்கலாம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் மருத்துவச் செலவுக்கு இதை வாங்கினால், அடுத்த தண்டலை வாங்கித்தான் முந்தையதை அடைக்க வேண்டியிருக்கும்.

வண்டிக் கடன், வீட்டுச் சாமான் கடன் ஆகியவற்றில் இதே மறைவு வேறு வடிவத்தில் வருகிறது. ஒரு லட்சம் ரூபாய், இரண்டு ஆண்டு, ‘ஃபிளாட்’ வட்டி 12 சதவீதம் என்கிறார்கள். வட்டி 24,000 ரூபாய், மாதத் தவணை 5,167 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், முழு லட்சத்துக்கும் இரண்டு ஆண்டு வட்டி போடப்படுகிறது. குறையும் பாக்கியின் மீது கணக்கிட்டால் இந்தக் கடனின் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். இதோடு செயலாக்கக் கட்டணம், காப்பீடு என்று 4,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 96,000 ரூபாயைக் கையில் தந்தால், அது 26 சதவீதத்தை நெருங்கிவிடுகிறது. பன்னிரண்டு என்று காதில் விழுந்தது இருபத்தாறாக முடிவதற்கு இடையில் சட்டவிரோதமாக எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

கடன் அட்டையில் ‘குறைந்தபட்சத் தொகை’ கட்டினால் போதும் என்பதும் அப்படிப்பட்டதுதான். 50,000 ரூபாய் பாக்கிக்கு 2,500 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று கொள்வோம். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 1,750 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய். ஆக 2,500 ரூபாயில் அசலுக்குப் போனது 435 ரூபாய்தான். பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. முழுத் தொகையையும் கட்ட முடியாத மாதத்திலிருந்து அட்டையை எடுத்து அலமாரியில் வைத்துவிடுவதே பாதுகாப்பு.

எல்லாக் கடன்களின் ஆண்டு வட்டியும் நோட்டில் ஏறியபின், அவற்றை அதிக வட்டியிலிருந்து குறைந்த வட்டி வரை வரிசைப்படுத்துங்கள். கையில் கூடுதலாக வரும் போனஸ், சீட்டுப் பணம், அரியர் ஆகியவை வரிசையில் முதலில் நிற்கும் கடனுக்குப் போகட்டும். வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கும் ஆசை பலருக்கு உண்டு. ஆனால் அதைவிட மூன்று மடங்கு வட்டியில் ஒரு கடன் வீட்டில் இருக்கும்போது அது முறையான வரிசை ஆகாது. வீட்டுக் கடனின் முறை வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: மாறும் வட்டியில் தனிநபர் தம் சொந்தத் தேவைக்கு வாங்கிய கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் கேட்கக் கூடாது.

மூன்றாம் படி: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய தாள்

2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபருக்குத் தரும் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் ‘கேஎஃப்எஸ்’ எனப்படும் முக்கிய விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது உங்களுக்குப் புரியும் மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். உள்ளடக்கத்தை அவர்கள் விளக்கிச் சொல்ல வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது ‘ஏபிஆர்’ என்ற எண். வட்டி, கட்டணங்கள், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்துக் கடனுக்கு ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவை அந்த ஒற்றை எண் காட்டும். மேலே நாம் கஷ்டப்பட்டுப் போட்ட கணக்கை அவர்களே போட்டுத் தர வேண்டும் என்பதுதான் இந்த விதியின் பயன். அந்தத் தாளில் சொல்லப்படாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. ஏழு நாளோ அதற்கு மேலோ காலவரையறை உள்ள கடனுக்கு, தாளைப் பெற்றபின் முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. ‘இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி’ என்று அவசரப்படுத்தும் முகவரிடம், தாளைக் கொடுங்கள், வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கைப்பேசிச் செயலி வழியாகக் கடன் வாங்குவதாக இருந்தால், அந்தச் செயலியின் பின்னால் எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியல் ரிசர்வ் வங்கித் தளத்தில் இருக்கிறது. பணம் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேரடியாக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் அழைப்புப் பட்டியலையும் செயலி தொடக் கூடாது. தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலியை அந்தக் கணமே நீக்கிவிடுங்கள், ஏனெனில் நாளை உறவினர்களுக்கெல்லாம் அவமானச் செய்தி அனுப்புவதற்காகத்தான் அது கேட்கப்படுகிறது. முறையான டிஜிட்டல் கடனில், வாங்கியபின் மனம் மாறினால் குறைந்தது ஒரு நாளுக்குள் அசலையும் அந்த நாளுக்குரிய செலவையும் செலுத்திவிட்டு அபராதம் இல்லாமல் வெளியேறும் வாய்ப்பும் உண்டு.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று கேட்பார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, கடன் வாங்கியவரிடம் முதலில் வசூலித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல முடியாது. முழுத் தொகையையும் தாமே கட்ட நேர்ந்தால் தாங்க முடியுமா என்று யோசித்துப் பார்த்துவிட்டே சம்மதியுங்கள். தொகை எழுதாத புரோநோட்டிலோ வெற்றுக் காசோலையிலோ எந்த நெருக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்த காசோலை திரும்பி, வழக்கறிஞர் அறிவிப்பு வந்துவிட்டால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து பணம் செலுத்தப் பதினைந்து நாள்தான் அவகாசம். அந்த உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பது குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும்.

குழுக் கடனும் நகைக் கடனும்

வாரத் தவணையில் பெண்கள் குழுவாக வாங்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022-இல் தனி விதிகள் வகுத்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரப்படும் கடனே இந்த வகை. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்றால் புதுக் கடன் தரக் கூடாது. பாதி என்பதே அதிகம் என்பது என் எண்ணம்; மூன்றில் ஒரு பங்கில் நிறுத்திக்கொண்டால்தான் ஒரு காய்ச்சலுக்கோ ஒரு வார வேலையிழப்புக்கோ இடம் இருக்கும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. தாமதக் கட்டணத்தைத் தவறிய தவணையின் மீது மட்டுமே போடலாம், முழுக் கடன் மீது போட முடியாது. உங்களுக்குப் புரியும் மொழியில் கடன் அட்டை தர வேண்டும். ஒவ்வொரு வாரமும் கட்டிய தொகை அந்த அட்டையில் ஏறுகிறதா என்பதைச் ‘சென்டர்’ எனப்படும் வசூல் கூட்டத்தை விட்டு எழுவதற்கு முன்பே பாருங்கள், ஏனெனில் வசூலித்த பணம் அலுவலகம் போய்ச் சேரவில்லை என்ற தகராறில் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

நகைக் கடனில் கவனிக்க வேண்டியது வட்டியைவிடக் காலக்கெடு. வட்டியோடு அசலையும் கடைசியில் ஒரே தவணையாகக் கட்டும் கடன்களுக்கு உச்ச வரம்பு 12 மாதம். கெடு முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே நோட்டில் குறித்து வையுங்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று சொன்ன விதிகளின்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரையும், அதற்குமேல் 5 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கும் மேல் 75 சதவீதமும் தரலாம். தரம் பார்ப்பதை உங்கள் முன்னிலையில் செய்ய வேண்டும். கல், அரக்குக்குக் கழித்த எடையும் நிகர எடையும் சான்றிதழில் தனித்தனியே இருக்க வேண்டும். கடன் முழுவதும் அடைந்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகை திரும்ப வராவிட்டால், நிறுவனத்தின் தவறால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. ஏலம் போனால், பாக்கிக்குப் போக மிஞ்சிய பணம் உங்களுடையது. இந்த விதிகள் வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் உரியவை. தெருமுனை அடகுக் கடை 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டத்தின் கீழ் வருவதால், அங்கே உரிம எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் நகையைக் கொடுக்கக் கூடாது. வைப்பதற்கு முன் நகையைத் தராசில் வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

கடன் அடைந்த நாளில் ‘பாக்கி இல்லை’ என்ற சான்றிதழை வாங்கிக்கொண்டு வாருங்கள். சொத்துப் பத்திரம் கொடுத்திருந்தால் முப்பது நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்; தாமதத்துக்கு அங்கும் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். ஓரிரு மாதம் கழித்து, நீங்கள் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டப்பட்டாலோ, நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தாலோ அங்கேயே திருத்தம் கேளுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்கப்படாவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேரும்.

நான்காம் படி: சேமிப்பை எங்கே வைப்பது

ஒரு வங்கி திவாலானால், அதில் உங்கள் பெயரிலுள்ள சேமிப்பு, நிரந்தர வைப்பு, வட்டி எல்லாம் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீட்டுக் கழகம் தரும். இந்த வரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் இருந்துவருகிறது. ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் போட்டாலும் அது ஒரே கணக்காகத்தான் கூட்டப்படும். பலருக்குத் தெரியாத செய்தி வேறொன்று: ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட வைப்புக்கும், நிதி என்ற பெயரில் உறுப்பினர்களிடம் வைப்பு வாங்கும் நிறுவனங்களில் போட்ட பணத்துக்கும், நகைக்கடைச் சீட்டுக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. அங்கே போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மகளின் திருமணத்துக்கென்று வைத்திருக்கும் மொத்தப் பணமும் அங்கே இருக்கக் கூடாது.

ஏலச்சீட்டு நம் குடும்பங்களுக்கு உண்மையாகவே உதவும் ஏற்பாடு. ஆனால் அது 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பதிவு மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட சீட்டுக்குப் பதிவாளரின் முன் அனுமதி இருக்கிறதா என்று கேட்டு, ஒப்பந்த நகலை வாங்குங்கள். சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் வைக்க வேண்டும், அவருடைய கழிவு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தெரு அக்கா நடத்தும் பதிவில்லாத தீபாவளிச் சீட்டில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இந்தப் பிணை எதுவும் கிடையாது.

வங்கி வட்டியைவிடப் பல மடங்கு தருவதாக யாராவது சொன்னால், பணம் எந்தத் தொழிலில் எப்படிச் சம்பாதிக்கப்படுகிறது என்று கேளுங்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது பணம் போட்டிருந்தவர்களில் பலர் ஓய்வுக்காலப் பணத்தையும் நிலம் விற்ற பணத்தையும் கொண்டுவந்து கொடுத்தவர்கள். ஒரு நிறுவனம் வைப்புப் பெற அனுமதி பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் பார்க்கலாம், அங்கேயே புகாரும் அளிக்கலாம். பணம் ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால், 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப் பிரிவு காவல்துறையிடம் எழுத்துப் புகார் கொடுங்கள். ‘புகார் கொடுத்தால் பணம் வராது’ என்று முகவர் தடுப்பார். முடக்கப்படும் சொத்திலிருந்து பங்கு பெறுவதற்கு உங்கள் பெயர் புகார்ப் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

காப்பீட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை. வங்கியில் வைப்பு என்று நினைத்துக் கையெழுத்திட்டது வீடு வந்து பார்த்தால் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியாக இருக்கலாம். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் காரணம் சொல்லி எழுத்தில் திருப்பிக் கொடுத்தால், சிறு கழிவு போகப் பணம் திரும்பக் கிடைக்கும். நாள் தவறிவிட்டால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணுக்கும், அதன்பின் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கும் போக வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: கணக்கிலிருந்து பணம் களவு போனால்

முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்த அழைப்பு வங்கிக்கு. அட்டையையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிவு செய்து, கிளைக்கு நேரில் சென்று கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

தேதி ஏன் முக்கியம் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை விடை சொல்கிறது. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் போயிருந்து, வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்கள் இழப்பு சுழியம். நான்கு முதல் ஏழு நாளுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் நீங்கள் ஏற்க வேண்டியது அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்குமேல் போனால் வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியையோ கடவு எண்ணையோ நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு உங்களுடையது. ஆனால் தெரிவித்தபிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கத்தில் இரண்டு நாள் வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் இந்த வரியை மனத்தில் கொள்ள வேண்டும். பணம் வாங்குவதற்கு யுபிஐ கடவு எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும், காவலர் என்று சொல்லிக்கொண்டு காணொளி அழைப்பில் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ என்ற ஒன்று நம் சட்டத்தில் எங்குமே இல்லை என்பதையும் வீட்டிலுள்ள முதியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

ஆறாம் படி: வசூலுக்கு வருபவர்களை எதிர்கொள்வது

தவணை தவறுவது குற்றமல்ல. தவறப்போகிறது என்று தெரிந்தவுடனேயே, கெடு நாளுக்கு முன்பாக, வருமானம் குறைந்ததற்கான காரணத்தையும் எவ்வளவு கட்ட முடியும் என்பதையும் குறிப்பிட்டுக் கடன் தந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. குழுக் கடனுக்கு இந்த நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே. குழுக் கடனில் குறிப்பிட்ட பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும்; தொடர்ந்து இரண்டு முறை நீங்கள் வராமல் இருந்தால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். வருபவரிடம் அடையாள அட்டையையும் நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். யார், எந்த நேரம், என்ன சொன்னார் என்று அன்றைக்கே நோட்டில் எழுதிவையுங்கள். ரசீது இல்லாமல் கையில் பணம் கொடுக்காதீர்கள்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்ற அதிக வட்டி முறைகளை 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கடன் நிறுவனங்களின் வன்முறை வசூலுக்கு எதிராக 2025-இல் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. மிரட்டல், வீட்டைப் பூட்டுதல், பொருளை எடுத்துச் செல்லுதல் ஆகியவை நடந்தால் காவல் நிலையத்துக்குப் போங்கள். அங்கே ஏற்கப்படாவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடன் நெருக்கடியால் வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்து, உணவைத் தவிர்த்து, வாழ்க்கையே வேண்டாம் என்பதுபோல் பேசத் தொடங்கினால், பணத்தைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு அவரைத் தனியே விடாமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அங்கே தமிழில், எந்நேரமும் பேசலாம்.

ஏழாம் படி: புகாரை எழுதும் முறை

புகார் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். கணக்கு எண், நடந்தது என்ன, எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, நீங்கள் கேட்பது என்ன என்ற ஐந்தும் இருந்தால் போதும். ‘என் மனம் மிகவும் புண்பட்டது’ என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, எவ்வளவு ரூபாய் திரும்ப வேண்டும் என்பதை எழுதாமல் விட்ட கடிதத்துக்கு உருப்படியான பதில் வராது. உதாரணமாக, ‘மார்ச் 4 அன்று என் கணக்கில் காப்பீட்டுக்காக 1,500 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது; இதற்கு நான் சம்மதிக்கவில்லை; விவரத் தாளிலும் இது இல்லை; தொகையைத் திருப்பி என் கணக்கில் வரவு வைக்குமாறு கோருகிறேன்’ என்று எழுதலாம். கிளையில் கொடுத்தால் நகலில் முத்திரை. மின்னஞ்சலில் அனுப்பினால் புகார் எண். வாய்மொழியாக மேலாளரிடம் சொன்னதும், சுங்கமில்லா எண்ணில் பேசிவிட்டு எண் வாங்காமல் வைத்ததும் பின்னால் கணக்கில் வராது.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, தாமதிக்காமல் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட இந்த ஏற்பாட்டுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் ‘சிஎம்எஸ்’ தளத்தில் பதியலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் சண்டிகர் செக்டர் 17-இலுள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகங்களுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. முதலில் வங்கியிடம் கொடுத்த புகாரின் நகலை இணைக்காமல் அனுப்புவதும், அதே விஷயத்தை நீதிமன்றத்திலும் நடத்திக்கொண்டிருப்பதும் புகார் தள்ளுபடியாகக் காரணமாகின்றன.

சேவைக் குறைபாட்டுக்கு இழப்பீடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழிகாட்டலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். வழக்கறிஞர் தேவைப்படும் நிலை வந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு, அவர்களின் வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே இலவசமாக வழக்கறிஞர் உதவி கிடைக்கும். அதற்கான உதவி எண் 15100. போகும்போது கடன் அட்டை, கேஎஃப்எஸ் தாள், வங்கிப் புத்தகம், முத்திரை பெற்ற புகார் நகல் ஆகியவற்றின் நகல்களைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். மூலத் தாள்களை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.